கூலிக்குப் போட்ட பூட்டு

தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை, பின்னேரம் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம், கண்டியில் விடாத தூறல். அந்த நேரத்தில் கேட்டிருந்தால், இலங்கையிலேயே உதவாத பிடிவாதக்காரர் எங்கள் ‘பூட்டு’தான் என்று சத்தியம் செய்திருப்பேன்.

தேயிலைத் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடுவது எங்கள் அலுவலகத்தின் தொழில். அதற்கென்றே ஒரு சின்னக் கணினி மொழி உண்டு. அதை வளர்ப்பவர் பூட்டு. விடைகளைச் சரிபார்த்துக் கவலைப்படுவது என் வேலை.

காலையில் எடுத்த முடிவை அவர் அன்று முழுக்க மாற்றமாட்டார். “இன்னைக்கு இடியப்பம்” என்றால், கடையில் தீர்ந்துபோனாலும் சோறு தொடமாட்டார். ஒருமுறை கதிரைக்கால் உடைந்தது; ஐந்து மணிவரை சாய்ந்தபடியே இருந்தார். மறுநாள் வேறு கதிரை, வேறு சாப்பாடு.

இந்தக் குணத்தை மொழிக்குள்ளும் புகுத்தினார். கணக்கில் வரும் ஒரு தொகையின் பெயருக்கு முன்னால் ‘பூட்டு’ என்று எழுதினால், ஒரு தொழிலாளியின் கணக்கு முடியும்வரை அந்தத் தொகையை மாற்ற முடியாது. அடுத்த ஆளுக்குப் புதிதாக வைக்கலாம். அவருக்குப் பட்டப்பெயரும் அப்படித்தான் வந்தது.

அன்று காலை ‘நாள் கூலி’க்குப் பூட்டுப் போட்டார். பின்னேரம் கணக்கு ஓட மறுத்தது.

“கழட்டுங்க அதை!” மெனேஜர் கத்தினார். “அஞ்சு மணிக்குள்ள பேங்குக்குப் போகணும்!”

“காலையில போட்டது சார். நாளைக்குக் கழட்டுறேன்.”

“நாளைக்கு எனக்குப் பாடை கட்டுங்க!”

“அதை நாளைக்குத்தான் முடிவு பண்ணணும் சார்.”

கணக்கு முட்டி நின்ற வரியை நான் எட்டிப் பார்த்தேன். கொழுந்து குறைந்த நாளுக்கு ‘அரைப்பேர்’, அதாவது பாதிக் கூலி. மெனேஜர் அந்த மாதம் புதிதாக எழுதிய வரி அது. பாதித் தொகையைத் தனியாக வைக்காமல், ‘நாள் கூலி’யையே அழித்து அதில் எழுதச் சொல்லியிருந்தார். ஒரு நாள் கொழுந்து குறைந்தால், மாத மிச்சம் முழுக்க அரைப்பேர்தான்!

“ஐயோ சார், பூட்டு இல்லைன்னா தீபாவளிக்குப் பாதிச் சம்பளமா போயிருக்கும்!” என்றேன். மெனேஜர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

பாதிக்கு வேறு பெயர் வைத்தோம். கணக்கு ஓடியது. நாற்பது பேரை நான் கையால் சரிபார்த்தேன், நாற்பதும் சரி. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கச் சம்பளம் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

“டீ குடிப்போமா, பூட்டு?” மெனேஜரின் குரல் இறங்கியிருந்தது.

“இன்னைக்கு டீ இல்லைன்னு காலையிலேயே முடிவு சார்.”

வெளியே மழை வலுத்தது. பூட்டு வீட்டுக்குப் போகும் வத்தேகம பஸ்ஸைக் காணோம். பஸ்தான் என்று காலையிலேயே முடிவு; ஆட்டோவில் போகச் சொன்னால் கேட்கிற ஆளா? ஒரே குடையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். பஸ் வந்ததும், என்ன நினைத்தேனோ, நானும் ஏறிவிட்டேன். என் வீடு எதிர்த்திசையில், கெலிஓயாவில். இரண்டு டிக்கெட்டும் திரும்பிவர ஆட்டோவுமாக, எனக்குச் செலவு மூவாயிரத்து நூற்று அறுபது ரூபா.