கார் பார்க்க ஆள் வரும் நாள்

காருக்குப் புது ஃபேன் பெல்ட் போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பியதும், பூனை வாலை மிதித்ததுபோல எஞ்சினுக்குள்ளிருந்து 'கீ...ச்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. காரை விலைக்குப் பார்க்க ஹிஞ்சேவாடியிலிருந்து வந்திருந்த சாப்ட்வேர் இளைஞன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனவன், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

பக்தவத்சலத்துக்கு மானம் போயிற்று. இருபத்தைந்து வருடப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கை, மேற்கூரையை மடக்கிக்கொள்ளலாம். கோவையிலிருந்து வங்கி வேலையில் மாற்றலாகிப் புனே வந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கியது. விற்க அவருக்கு மனசே இல்லை. ஆனால் தரையோடு தரையாக இருக்கும் அந்த இருக்கையிலிருந்து எழும்போதெல்லாம் மனைவி மங்கையர்க்கரசி முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்கிறாள். சரி, இதைத் தள்ளிவிட்டு உயரமான வண்டியாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

"உனக்காகத்தான்" என்றார்.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள் அவள், கீரையை ஆய்ந்துகொண்டே.

சாங்வியில் அவர்கள் குடியிருப்புக்கு அடுத்த சந்தில் இஸ்மாயிலின் பட்டறை. வாணியம்பாடிக்காரர், கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்ப்பார். பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி இழுத்து இறுக்கினார். சத்தம் நின்றது. மறுநாள் கார் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். சாவியைத் திருப்பியதும் பழையபடி கீச். இந்தத் தடவை அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

இஸ்மாயிலை நம்பிப் பயனில்லை என்று பக்தவத்சலம் செல்போனில் வீடியோ பார்த்து, பெல்ட்டுக்கு என்னவோ ஸ்ப்ரே வாங்கி அடித்தார். பெல்ட் வழுக்கிச் சத்தம் இரட்டித்தது. வழுக்கலுக்குப் பவுடர் நல்லது என்று இன்னொரு வீடியோ சொன்னது. முகத்துக்குப் போடும் பவுடரை அரை டப்பா கொட்டி வண்டியைக் கிளப்பினார். வெள்ளை வெளேரென்று எழுந்த மூட்டத்தைத் தீ என்று நினைத்த வாட்ச்மேன், வாளி நிறைய மணலோடு ஓடி வந்தார். எஞ்சினிலிருந்து மணலை எடுக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

இஸ்மாயிலையே மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. அவர் இன்னொரு புது பெல்ட் மாட்டி இறுக்கினார். மறுநாள் காலை அதுவும் கத்தியது. இஸ்மாயில் வந்து பெல்ட்டின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். சத்தம் கூடியது.

"தண்ணி பட்டு சத்தம் ஏறுச்சுன்னா பெல்ட் லூசுன்னு அர்த்தம் சார்."

"நேத்துதானே டைட் பண்ணினீங்க?"

இஸ்மாயில் வானத்தைப் பார்த்தார். "பழைய வண்டி சார். அதுக்கும் ஒரு மனசு இருக்கும்ல."

ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லாவிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். பானட்டுக்குள் தலையை விட்டுச் சத்தத்தை நிதானமாகக் கேட்டார். தான் டாங்கியே ஓட்டியவன் என்றும், இதில் ஏறத் தைரியம் இல்லை என்றும் இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை பக்தவத்சலம் சோபாவில் சாய்ந்தார். "அரசி, இதை ஒருத்தனும் வாங்கப் போறதில்ல. நம்மகிட்டயே இருந்துட்டுப் போகட்டும். உன் முழங்காலுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

"கை கொடுத்துத் தூக்கிவிட நீங்க இருக்கீங்கல்லங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கேசரி கிளறினாள். என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. கூரையை மடக்கிவிட்டு இருவரும் கடக்வாஸ்லா அணை வரை போனார்கள். தண்ணீர்க் காற்றில் உட்கார்ந்து எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவிய சுட்ட சோளம் தின்றார்கள். மங்கையர்க்கரசி வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தாள். இந்தக் காரை விற்க இருந்தோமே என்று பக்தவத்சலம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பியதும் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போனார். இஸ்மாயிலின் கையைப் பிடித்துக் குலுக்கி, அப்படி என்னதான் செய்து சத்தத்தை நிறுத்தினார் என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றார் இஸ்மாயில். "நான் இறுக்க இறுக்கத் தளர்த்தறதுக்குன்னு உங்க வீட்டம்மா எங்கிட்ட ஒரு ஸ்பேனர் வாங்கிட்டுப் போயிருந்தாங்க. போன திங்கக்கிழமை அதாலயே பெல்ட்டை இறுக்கிட்டு, ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க."