பிரேக் போட்டால் நீலம்

மனித குலம் இருளோடு நடத்திவரும் நெடும்போரில் கோவில்பட்டி கடற்கரை அண்ணாச்சியின் பங்கு இருபது நீல விளக்குகள். அவற்றில் பத்தொன்பது எரியவில்லை. இருபதாவது எரிந்தது; புகையோடு.

"ஏங்க, பிளாஸ்டிக் நாத்தம் அடுப்படி வரைக்கும் வருது," என்று வாசலுக்கு வந்தாள் மனைவி இசக்கிச்செல்வி.

"புதுச் சாமான்னா அப்படித்தாம்ட்டி இருக்கும்," என்றார் கடற்கரை, லாரிக்கு அடியிலிருந்து.

கடற்கரைக்குச் சொந்தமாக ஒரு தண்ணீர் லாரி உண்டு. ஆறாயிரம் லிட்டர் தொட்டி. லாரி ஒன்றே ஒன்றுதான் என்றாலும் விசிட்டிங் கார்டில் 'வாட்டர் சப்ளையர்ஸ்' என்று பன்மையில் அச்சடித்திருந்தார். ஓட்டுவது, கழுவுவது, நிரப்புவது எல்லாம் டிரைவர் உச்சிமாகாளி. அவன் கோயில் கொடைத் திருவிழாவுக்காகக் குளத்தூர் போயிருந்தான். ஆகவே லாரியின் மேல் கை வைக்க அன்று கடற்கரைக்குத் தடையேதும் இல்லை.

கை வைக்கக் காரணம் தங்கை உமாதேவி. ஆறு வருஷத்துக்குப் பிறகு புதன்கிழமைதான் பசுவந்தனையிலிருந்து போன் செய்திருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் புதுவீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையில் கடற்கரையின் பெயர் மூன்றாவது வரியில் வந்தது. முதல் வரிக்குரிய பெயர் என்று அவர் கருதியதால், பந்தியில் பாதியில் எழுந்து வந்துவிட்டார். இலையில் அப்போதுதான் பாயசம் ஊற்றியிருந்தார்கள். அதற்கப்புறம் உமாதேவிக்குப் பெண் பிறந்து, பெயர் வைத்து, பிள்ளைக்கு நாலு வயதும் ஆகிவிட்டது. தாய்மாமன் இன்னும் முகம் பார்க்கவில்லை. ராத்திரிகளில் அதை நினைத்துப் புரண்டு படுப்பார். காலையில் எழுந்தால் மூன்றாவது வரி ஞாபகத்துக்கு வந்துவிடும்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம பிள்ளைக்குக் காதுகுத்து," என்றாள் உமாதேவி. "தீபாவ ஒம் மடியிலதான் உக்காத்தணும். பழசெல்லாம் விட்ரு. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு லோடு தண்ணி மட்டும் கொண்டாந்துரு. இங்க குழாயில தண்ணி வந்து பத்து நாளாச்சு. முந்நூறு பேருக்குச் சமையல். வேற ஒண்ணும் வேண்டாம்ணே."

மற்றதெல்லாம் அவர் நெஞ்சை நனைத்தது. 'வேற ஒண்ணும் வேண்டாம்' மட்டும் உள்ளே தைத்தது. ஒரு தாய்மாமன், வெறும் தண்ணீரோடு போய் நிற்பதா?

சனிக்கிழமை காலையில் துளைபோடும் மெஷினை இரவல் வாங்கி, தொட்டியின் கீழ்விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாக விளக்குகளைத் திருகினார். ஒரு விளக்குக்கு இரண்டு ஸ்குரூ. நாற்பது ஸ்குரூவும் கோடு போட்டாற்போல் நேராக இருந்தன. விளக்குகள்தான் செத்திருந்தன.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் செல்வகணேஷைப் போனில் பிடித்தார்.

"அண்ணாச்சி, நீங்க வாங்கினது காருக்கு மாட்டுதது. பன்னெண்டு வோல்ட்டு. லாரி இருவத்துநாலு. எரியாம என்ன செய்யும்?"

"எரியலயேடே."

"அதத்தான் அண்ணாச்சி நானும் சொல்லுதேன். வண்டிய இங்கன கொண்டாங்க, அரை மணி நேரத்துல மாட்டித் தாரேன்."

"நம்ம வண்டிக்கு நாமளே செஞ்சாத்தான்டே பெருமை," என்று போனை வைத்துவிட்டு, லாரிக்கு உரிய விளக்குகள் இருபது வாங்கிவந்தார். இவற்றில் ஸ்குரூ மாட்டும் காதுகள் அகலம்; பழைய துளையில் பொருந்தவில்லை. பழைய ஸ்குரூவை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு விரல்கடை தள்ளி மறுபடி நாற்பது துளை போட்டார். இதுவும் நேராகத்தான் இருந்தது.

ஒயரை முதலில் முகப்பு விளக்கின் ஒயரோடு சேர்த்தார். நீல விளக்கு எரிந்தது, முகப்பு விளக்கு அணைந்தது. பிரித்து ஹாரன் ஒயரோடு சேர்த்தார். ஹாரனை அமுக்கினால் சத்தத்துக்குப் பதில் வெளிச்சம் வந்தது. அதையும் பிரித்து வேறொன்றோடு சேர்த்தார். இப்போது ஒன்றுமே எரியவில்லை, ஹாரனுக்குப் போன சத்தமும் திரும்பவில்லை. சோர்ந்துபோய் பிரேக்கின் மேல் காலை வைத்தார்.

"எரியுதுங்க! எரியுது!" என்று வெளியிலிருந்து கத்தினாள் இசக்கிச்செல்வி.

காலை எடுத்தார்.

"போயிருச்சு."

வைத்தார்.

"வந்துருச்சு."

கடற்கரை சிறிது நேரம் யோசித்தார். பெரிய மனிதர்கள் தோல்வியை முடிவு என்று ஒப்புக்கொள்வதில்லை. திட்டம் என்று பெயர் மாற்றிவிடுவார்கள். "அதாம்ட்டி நல்லது. காட்டுக்குள்ள எதுக்கு லைட்டு? ஊரு வரும்போது பிரேக்கு போட்டாப் போதும்."

"ஹாரன் இல்லாம எப்படிப் போவீங்க?"

"இத்தன லைட்டு எரியும்போது ஹாரன் எதுக்கு?"

"மணி நாலாகப் போவுது. அவ கேட்டது தண்ணி."

"தண்ணி இல்லாமலா போவேன்? நிரப்பிட்டுத்தான் வாரேன். நீ ஏறு."

இசக்கிச்செல்வி லாரியை முன்னிருந்து பின்வரை ஒருமுறை பார்த்தாள். "நான் பஸ்ல போறேன்," என்று பையை எடுத்துக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே ஜெயகிருஷ்ணனின் போர்வெல்லில் லாரியை நிறுத்தினார். அந்த இடம் எப்போதும் கரிசல் சகதி. செருப்பை வாங்கிக்கொண்டு திருப்பித் தராது. கடற்கரை இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியில் இருந்ததால் இருக்கையைவிட்டு இறங்கவில்லை. ஜெயகிருஷ்ணன் மேலே ஏறிக் குழாயைச் செருகி, தொட்டி நிறைந்ததும் மூடியைத் தட்டினான். லாரி கிளம்பியபோது மணி ஐந்தரை.

வெயில் மங்கத் தொடங்கிய நேரத்தில் முதல் ஊர் வந்தது. கடற்கரை பிரேக்கை மிதித்தார்.

பலன் உடனே தெரிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் லாரியின் அடிப்பகுதியைச் சுட்டிக் காட்டினார்கள். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கிளாஸோடு ஓடிவந்தார்கள். ஒரு பெண் "ஏ லாரி! ஏ லாரி!" என்று கூவினாள். கடற்கரை ஜன்னல் வழியே கையை நீட்டி, ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரைப் போல அசைத்தார்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தார். லாரிக்குப் பின்னால் தார்ச்சாலை நீலமாகப் பளபளத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பளபளப்பு வரும் என்று கடைக்காரன்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது ஊரில் கூட்டம் இன்னும் அதிகம். போன் செய்து சொல்லிவிட்டார்கள் போலும். பெண்கள் சாலையோரம் காத்து நின்றார்கள். வேலை நடுவில் வந்திருப்பார்கள், பாவம், கையில் குடத்தோடும் சருவப்பானையோடும். கடற்கரைக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்களை ஏமாற்ற மனமில்லாமல் ஊர் முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்து, நடக்கிற வேகத்தில் லாரியை உருட்டினார். கூட்டம் இரண்டு பக்கமும் லாரியோடு குனிந்து குனிந்து நடந்தது. இப்படிக் குனிந்து தரும் ஒரு மரியாதையை அவர் எந்தப் பத்திரிகையிலும் பெற்றதில்லை.

அடுத்த ஊருக்கு முன்னால், மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஆட்டுக்காரர் பத்திரகாளியின் ஆடுகள் வரிசையைக் கலைத்துக்கொண்டு லாரியின் பின்னால் ஓடிவந்தன. பத்திரகாளி கம்பை ஆட்டி என்னமோ கத்தினார். ஆடுகளைக்கூட இழுக்கிற அழகு என்றால் உமாதேவியை இழுக்காதா?

ஒரு மொபெட் மட்டும் விடாமல் பின்தொடர்ந்தது. ஓட்டிய பெண் கால்மாட்டில் குடத்தை வைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். அவள் முந்தப் பார்க்கும்போதெல்லாம் கடற்கரை அவளுக்காகவே ஒரு பிரேக் போட்டார். அவளும் ஒவ்வொரு முறையும் பயந்து பின்வாங்கினாள்.

பசுவந்தனை சேர்ந்தபோது மணி ஏழு தாண்டியிருந்தது. பந்தல் வாசலில் பிரேக்கை அழுத்தி மிதித்தார். தெரு நீலமானது.

"மாமா லாரி! நீல லாரி!" என்று கை தட்டிக்கொண்டு ஓடிவந்தது நாலு வயதுத் தீபலட்சுமி.

பிள்ளை உமாதேவியின் சின்ன வயசு முகத்தை அப்படியே வைத்திருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வெளிச்சம் போய்விடும். எடுக்காவிட்டால் இறங்க முடியாது. கடைசியில் கடற்கரை இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

உமாதேவி வாசலில் நின்றாள். "வேற ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன்லாண்ணே," என்றாள். ஆனால் உதடு சிரித்தது. "சரி, வா. மொதல்ல தண்ணிய எறக்கு. அடுப்புப் பத்த வெச்சு ஒரு மணி நேரமா அண்டா காஞ்சுட்டு நிக்கி."

சமையல்காரர் அய்யாத்துரை ஓசுக் குழாயை மாட்டி வால்வைத் திறந்தார். குழாய் ஒருமுறை இருமியது. ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது. பிறகு காற்று வந்தது.

"அடச்சிருக்கும்," என்றார் கடற்கரை.

அய்யாத்துரை தொட்டி மேல் ஏறி மூடியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். "அடைக்கதுக்கு உள்ள ஒண்ணும் இல்லீங்களே."

முன்பே பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த இசக்கிச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"லைட்டக் காட்டுததுக்கு வெறும் லாரிய ஓட்டிட்டு வந்தியா?" என்றாள் உமாதேவி. குரலில் கோபம்கூட இல்லை. "ஆறு வருஷம் கழிச்சு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

"ஏட்டி, சத்தியமா நிரப்பிட்டுத்தான் வந்தேன்."

"பிள்ளைய எறக்கி விடு. நாளைக்குப் பெரியப்பா மகன் யோகராஜ் மடியில உக்காத்திக்கிடுதேன்."

கடற்கரை பிள்ளையை இறக்கிவிட்டார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்த மொபெட் வந்து நின்றது. ஓட்டிவந்த அமுதவள்ளி இரண்டாவது ஊர்க்காரி. மூச்சிரைக்கக் குடத்தைத் தூக்கி இறக்கினாள்.

"லாரிக்காரரே, ஒமக்குக் காது கேக்காதா? எத்தன மைலாக் கத்திட்டு வாரேன்! தொட்டி அடியில ரெண்டு பக்கமும் வரிசையா ஓட்டை, பூவாளி மாதிரி ஊத்திட்டு வருது. மூணு ஊரும் குடம் குடமாப் பிடிச்சோம். மொதல்ல சொல்லணும்னு எங்களுக்கும் தோணல. குடம் நெறஞ்ச பொறவுதான் மனசு கேக்கல. இந்தாங்க, விசேஷ வீடாமே, இத வச்சுக்கிடுங்க."

உமாதேவி குனிந்து லாரியின் அடியைப் பார்த்தாள்.

"எத்தன ஓட்டைண்ணே போட்ட?"

"எம்பது," என்றார் கடற்கரை. பிறகு, "அதுல நாப்பதுல ஸ்குரூ இருக்கு."

அய்யாத்துரை குடத்தை வாங்கி அண்டாவில் கவிழ்த்தார். ஆறாயிரம் லிட்டர் லாரியோடு தாய்மாமன் அன்று தங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த தண்ணீர் மொத்தம் ஒரு குடம். அதுவும் லாரியில் வரவில்லை.