அழகனுக்கு முடியல

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழகன் ஒரு முடிவுக்கு வந்தார். நாளைக்கு ஜீவராணி பிள்ளைக்காம்பராவுக்குப் போனாலும் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். இனிப் பேச்சில்லை. பேச்சில்லை என்றால், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பேசுகிற துணிச்சல் இல்லை என்று அர்த்தம்.

பிள்ளைக்காம்பரா என்பது வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். டயகமைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இப்போது கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாளெல்லாம் அது பூட்டிக் கிடக்கும். சனி ஞாயிறுகளில் அட்டன் டவுனிலிருந்து வினோதா மிஸ் வந்து, அங்கே பொம்பளைகளுக்குக் கைவேலை பழக்க ஆரம்பித்தாள்.

முதல் கிழமை மெழுகுதிரி. ஜீவராணி ஊற்றிய திரி ஏற்றுவதற்கு முந்தியே வளைந்து எல்லாரையும் கும்பிட்டது. இரண்டாம் கிழமை கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பை. முடிச்சு நல்ல முடிச்சு, யானை இழுத்தாலும் அவிழாது. ஆனால் ஓட்டை பெரிசு. வெங்காயம் போட்டால் வெங்காயம் நமக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். மூன்றாம் கிழமை மலர்வளையம். அதில்தான் அவள் கை நின்றது.

"இந்தத் தோட்டத்துல கொழுந்து மூணு நாள்தான். சாவு ஏழு நாளும் உண்டு" என்றாள் மிஸ்.

யாரும் சிரிக்கவில்லை. மூன்று மாதத்தில் ஐந்து சவப்பெட்டி போயிருந்தது. கடைசியாகப் போனவள் மீனம்மா. மழையில் கூடையோடு சரிவில் விழுந்தவள். டவுனிலிருந்து அவசரமாக வாங்கி வந்த வளையத்தில் வேறு யாருடைய பேரோ இருந்தது. திருப்பிக் கொடுக்க நேரமில்லாமல் அதையே போட்டுப் புதைத்தார்கள்.

ஜீவராணிக்கு இது பொழுதுபோக்கு இல்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. இன்னும் ஒரு வருசம் கொழுந்தெடுத்தால் அதிகம் என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லிவிட்டார். கம்பி சுற்ற மூன்று விரல் போதும். அட்டன் பூக்கடைக்காரர் ஆறு பேருக்கு நிரந்தரமாக வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பழகுவது பன்னிரண்டு பேர். சனிக்கிழமை பரீட்சை. நடுவில் யார் எழுந்து வீட்டுக்குப் போனாலும் பேர் வெட்டு என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அழகனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஏன் தடுக்கப் பார்த்தார்? ஒரு சிரிப்புத்தான் காரணம். சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைக்காம்பராவிலிருந்து ஜீவராணியின் சிரிப்பு, வரிசை வீடுகளாக நிற்கிற லயம் வரைக்கும் கேட்டது. முப்பத்தொரு வருசத்தில் வீட்டுக்குள் ஒருநாளும் கேட்காத சிரிப்பு. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறாள் என்று அழகன் அடித்துச் சொல்வார். வேறு யார் இருக்கிறார்கள் சிரிக்க?

போன கிழமை அவள் செருப்பை ஒளித்து வைத்துப் பார்த்தார். அவள் இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க அழகன்தான் வெறுங்காலோடு நின்றார்.

சனிக்கிழமை வெள்ளனவே ஜீவராணி கிளம்பிப் போனாள். பத்து மணிக்கு அழகன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மாவைக் கூப்பிட்டார்.

"பேச்சி, ஓடிப் போயி ஜீவராணிகிட்டச் சொல்லு. எனக்கு முடியல."

"என்னா முடியல அண்ணே?"

"எல்லாமே முடியல."

"காலையில நாலு ரொட்டி தின்னீங்களே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அதுதான் கடைசி ரொட்டின்னு போய்ச் சொல்லு!"

பேச்சியம்மா போனாள். அழகன் கண்ணை மூடி, முகத்தை வாட வைத்துப் பழகினார். கால்மணி நேரம் போயிருக்கும். தூரத்தில் ஒரு சத்தம். ஓடி வருகிற காலடி இல்லை. ஒப்பாரி.

"போயிட்டியே என் ராசா!"

லயமே அழுதுகொண்டு மேடேறி வந்தது. குழாயடியில் அழகனோடு எட்டு வருசமாக முகம் கொடுத்துப் பேசாத தயானியின் குரல்தான் அதில் உசத்தி. யார் போனது என்று அழகனுக்கே கவலையாக இருந்தது. அப்புறம் தயானி இவர் பேரைச் சொல்லி அழுதாள்.

கதவைத் திறந்து ஜீவராணி மட்டும் உள்ளே வந்தாள். தாழ்ப்பாள் போட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அசையாதீங்க."

"ஏ புள்ள, என்னா இது? முடியலன்னுதானே சொல்லி அனுப்பினேன்!"

"பேச்சி சரியாத்தான் சொன்னா. நான்தான் முடிஞ்சிருச்சுன்னு கத்துனேன்."

"ஏண்டி?"

"உங்களுக்கு முடியலன்னா நான் ஒருத்திதான் எந்திரிச்சு வரணும். என் பேரு வெட்டு. முடிஞ்சிருச்சுன்னா எல்லாரும் எந்திரிச்சு வரணும். சாவுன்னா மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு நிக்கிற ஆளையே வீட்டுக்கு அனுப்புற தோட்டம் இது. மிஸ்ஸும் வந்திருக்கு. பரீட்சை இங்கதான்."

"அடிப்பாவி, நான் உசுரோட இருக்கேன்!"

"மெதுவா. வெளியில தெரிஞ்சா கேவலம் உங்களுக்குத்தான். போன கிழமை செருப்பை ஒளிச்சப்பவே நினைச்சேன், அடுத்து உசுரைத்தான் ஒளிப்பீங்கன்னு."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். துண்டை எடுத்துத் தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டினாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். இரண்டாம் கிழமை பழகிய முடிச்சு. அப்புறம் தாழ்ப்பாளைத் திறந்து, மூச்சை இழுத்து, "ஐயோ!" என்றாள்.

உள் காம்பராவில் பாதிப் பேர், இஸ்தோப்புத் திண்ணையில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். மிஸ் பையைத் திறந்தாள். மூங்கில் வளையம், கம்பி, சவுக்கு இலை, கடதாசிப் பூ எல்லாம் வந்தது.

"அண்ணனுக்கு நம்ம கையாலேயே செய்வோம். இதுவே பரீட்சையா இருக்கட்டும்."

கத்தரிக்கோல்கள் கிளம்பின. அழகன் மூச்சை அரை அரையாக விட்டார். மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. செத்தவன் ஈ ஓட்டக் கூடாது.

"நல்ல மனுசன்" என்றாள் தயானி.

"என்னா நல்லது செஞ்சாரு?" என்று கேட்டாள் சுதர்ஷினி. பன்னிரண்டு பேரில் வயசில் இளையவள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தயானி பூவைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணப் பார்த்தாள்.

"கோயில் சாப்பாட்டுக்கு முதல் ஆளா வருவாரு."

"அது நல்லதுல சேருமா?"

"பொஞ்சாதியக் கை நீட்டி அடிச்சதில்ல."

"அது பயம்."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தவளுக்கும் வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் நிறுத்த முடியாது. ஜீவராணியும் சேர்ந்து சிரித்தாள். அதே சிரிப்பு. அழகன் கம்பளிக்குள் பல்லைக் கடித்தார். நினைத்தது சரிதான், எல்லாம் நம்மளைப் பத்தித்தான்.

"பாவம் அக்கா" என்றாள் சுதர்ஷினி. "இத்தனை கிழமை ஒண்ணா உக்காந்து உலகத்தையே பேசினோம். அண்ணனைப் பத்தி மட்டும் நீங்க ஒரு வார்த்தை பேசினதில்லையே."

"ஞாபகம் வரல புள்ள" என்றாள் ஜீவராணி. பொய் சொல்கிற குரல் இல்லை. கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

அழகன் அதுவரைக்கும் நடித்துக்கொண்டுதான் கிடந்தார். அதைக் கேட்ட பிறகு நடிக்க வேண்டியிருக்கவில்லை. மூடிய கண்ணோரம் சூடாக ஒன்று கிளம்பிக் காதுப் பக்கம் இறங்கியது.

"அக்கா! பொணம் அழுவுது!"

பேச்சியம்மா கதவோடு முட்டிக்கொண்டாள். தயானி, எட்டு வருசத்துச் சண்டைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் மன்னிப்புக் கேட்டாள். அழகன் எழுந்து உட்காரப் பார்த்தார். கட்டைவிரல் முடிச்சு விடவில்லை. கட்டையோடு கட்டையாகச் சரிந்தார்.

"யாரும் எந்திரிக்காதீங்க!" மிஸ் கத்தினாள். "எந்திரிச்சா பேர் வெட்டு!"

யார் கேட்டது? பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள். பூவெல்லாம் காலடியில். ஜீவராணி ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் புருசன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "சாமி புண்ணியம், ஓடுது" என்றாள். வலது கை கடைசிப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தது.

"பொணமே எந்திரிச்சும் கை நடுங்காத ஆளு" என்று மிஸ் பட்டியலில் அவள் பேரை முதலில் எழுதினாள். மற்ற ஐந்து பேரை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

எல்லாரும் போன பிறகு ஜீவராணி கட்டுகளை அவிழ்த்தாள். வளையத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். தாடையைத் தடவிக்கொண்டே அழகன் அதை எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

"ஏ புள்ள, அதுல என் பேரு இருக்கே."

"பேரு எழுதினாத்தான் பரீட்சையில முழுப் புள்ளி. தேதிக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருக்கேன்."

அடுத்த சனிக்கிழமை அழகனுக்கு உண்மையிலேயே காய்ச்சல். நெருப்பாய்க் கொதித்தது. கம்பளிக்குள் பல் தந்தியடித்தது. ஜீவராணி பூக்கடைக்காரர் அனுப்பிய கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஏதும் செய்யுதாங்க?"

"முடி..." என்று ஆரம்பித்துவிட்டார் அழகன். அவள் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது. மிச்சத்தை விழுங்கினார். "முடி... முடி வெட்டணும்னு பாக்குறேன் புள்ள."

"வெட்டுறதுதான் வெட்டுறீங்க" என்றாள் ஜீவராணி, "அந்த வெறகையும் சேத்து வெட்டி வச்சிருங்க."