குடைக்காரருக்கு வாடகை வெயில்

குடை விற்கிற மனுஷனுக்கு வெயில் வாங்குகிற ஆசை வரலாமா, நீங்களே சொல்லுங்கள்?

என் வீட்டுக்காரருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரை ‘டொக்’கென்று வைத்தார்.

“முடிவு பண்ணிட்டேன். கூரையில சோலார் போடறோம். வாடகைக்கு இல்ல, சொந்தமா! கம்பெனித் தம்பி வந்ததும் சொல்லிடறேன்.”

நான் பயந்தது இதைத்தான். இவர் சொந்தமாக வாங்கியதெல்லாம் கடைசியில் என் தலையில்தான் விடியும். மீன்தொட்டி வாங்கினார்; கழுவுவது நான். புறா வாங்கினார், கூண்டைக் கூட்டுவது நான். இனி இடுப்பில் பாப்பாவோடு கூரையிலும் ஏற வேண்டுமா?

“வாடகைன்னா அவங்களே வந்து கழுவி, ரிப்பேரும் பாத்துக்குவாங்களாமே?”

“வாடகைன்னா யாரோ எவரோ. சொந்தம்னா சொந்தம்டி!”

“ஆமாங்க. சொந்தம்னா நாமதானே குளிப்பாட்டித் தொடச்சு விடணும்? பாப்பாவை நான் குளிப்பாட்டறேன். பேனலை நீங்க குளிப்பாட்டுங்க.”

“குளிப்பாட்டிட்டாப் போச்சு!”

“அப்ப இப்பவே ஒரு ஒத்திகை பாத்துடலாமா? ஏணி தயாரா இருக்கு.”

வாளியும் மாப்புமாக ஏறினார். முதல் படியில் பாட்டு. இரண்டாம் படியில் விசில். மூன்றாம் படியில் சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏணியைக் கட்டிப்பிடித்திருந்தார். என்னைக்கூட அப்படிப் பிடித்ததில்லை.

“என்னங்க, நின்னுட்டீங்க?”

“யோசிக்கறேன்.”

“எதைப் பத்தி?”

“வாடகையைப் பத்தி.”

அப்பாடா! வயிற்றில் பாலை வார்த்தார் மனுஷன். வாளியை வாங்கிக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கம்பெனித் தம்பியின் குரல். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே கம்பீரமானார்.

“வாங்க தம்பி! எல்லாப் பக்கமும் அலசிட்டேன். வாடகைக்கே போட்டுடுங்க. இந்த வீட்டுல முடிவு எடுக்கறது நான்தான்.”

தம்பி தலையைச் சொறிந்தார்.

“வாடகைன்னு அக்கா நேத்தே போன்ல சொல்லிட்டாங்களே சார்! நீங்க நிக்கற ஏணியே எங்க கம்பெனி ஏணிதான். அக்கா கேட்டாங்கன்னு நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.”

ஏணியை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டார். அப்புறம் ஈனக் குரலில் வந்தது:

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. முதல்ல என்னைக் கொஞ்சம் இறக்கி விடுங்க.”