உத்தரவு ஃபிட்டரின் கெண்டை

மரியாதையால் மீனை இழந்தே பழகிய தூண்டில்காரர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் இருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஞாயிறு காலை ஏழு பேர் அங்கே உட்காருவோம். ஆளை எண்ணாமல் உட்கார்ந்தால் எனக்கு மனசு கொள்ளாது. அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. உத்தரவு ஃபிட்டர் என்றால்தான் தெரியும். உட்காருமுன் வலப்பக்கமும் இடப்பக்கமும் "உத்தரவுங்களா?" என்பார். தூண்டில் போடுமுன் மறுபடியும். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்பார். நாங்கள் தலையாட்டிய பிறகே தும்முவார். அதற்குள் அவருடைய புழுவை மீன் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவர் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார்: "நாளைக்கும் வெறுங்கையோட வந்தா அந்தத் தூண்டில் மூங்கிலை அடுப்புல வெச்சிடுவேன்."

மறுநாள் கரையில் ஃபிட்டரே உத்தரவு கேட்டுவிட்டு இதை எங்கள் எல்லோரிடமும் சொன்னார்.

அன்றைக்கென்று பார்த்து அவர் தக்கை முங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் கூட்டாளி பட்லரின் தக்கையும் முங்கியது. இருவரும் இழுத்தார்கள். வந்தது ஒரே கெண்டை, வாயில் இரண்டு தூண்டில் முள். எங்கள் கரையில் சட்டம் ஒன்றுதான்: யார் தக்கை முதலில் முங்கியதோ அவருக்கே மீன்.

"உங்களுதுதான் முதல்ல முங்கிச்சு, பட்லரே," என்றார் ஃபிட்டர்.

"கண்ணுல புரையாய்யா? உன்னுதுதான் முங்கிச்சு. வீட்ல அடுப்பு காத்துக்கினு இருக்கு, எடுத்துக்கினு போ."

"அதுக்காகப் பொய் சொல்ல உத்தரவில்லீங்க."

"யாரோட உத்தரவு?"

"என்னுதுதான்."

கெண்டை அந்தக் கைக்கும் இந்தக் கைக்குமாக ஒன்பது தடவை போய்வந்தது. கடைசியில் ஃபிட்டர் அதைப் பட்லரின் கூடையில் போட்டு மூடிவிட்டு, மூங்கிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கொள்ளி வைக்கப் போகிறவர் மாதிரி நடந்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் கெளுத்திகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் கண்ணில் படாமல் சுற்றுவழியாக அவர் வீட்டுக்குப் போனேன். "இது அவர் பிடிச்சதும்மா. மறந்துட்டு வந்துட்டார்."

அந்தம்மாள் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே பட்லர் கெண்டையோடு நின்றிருந்தார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு மீனோடு.

"நீங்க ஆறாவது ஆளு. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஒரு மீன் பிடிக்கத் தெரியாதவரு, இத்தனை மீனை எங்கேங்க மறந்துட்டு வருவாரு? உட்காருங்க, சாப்பிட்டுப் போகலாம்."

மூங்கில் அடுப்போரம்தான் சாய்ந்திருந்தது. எங்களை உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் கேட்டுக்கேட்டு ஃபிட்டரே பரிமாறினார். அவர் உட்காரும்போது சட்டியில் வெறும் குழம்புதான். என் இலையில் மூன்று துண்டுகள்; கை எழவில்லை.

அந்தம்மாள் மூங்கிலை எடுத்துப் பரணில் செருகினார். அங்கிருந்து ஒரு கிண்ணத்தை இறக்கி ஃபிட்டர் முன்னால் வைத்தார். கெண்டைத் தலை, முழுசாக.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.