தேயிலைக்கு வடக்குக் குறித்த விபரம்

குண்டசாலை,
12.08.2000

அன்பின் மைத்துனர் தனபாலன் அறிவது,

சந்நிதி முருகன் புண்ணியத்தில் நானும் உமது அக்கா பத்மாதேவியும் மகள் கமலாசனியும் உயிரோடும் ஓரளவு மானத்தோடும் இருக்கிறோம். வெள்ளவத்தையில் நீரும் குடும்பமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். நான் இராணுவ முகாமைப் படம் கீறிப் பிடிபட்டதாக உமக்கு யாரோ ரெலிபோனில் சொன்னார்களாம். பிடிபட்டது உண்மை. கீறியது முகாமையல்ல, தேயிலையை.

கமலாசனி கம்பஸில் தன் பட்டப்படிப்புக்குத் தேயிலையின் மேற்பரப்பை ஆராய்வது உமக்குத் தெரியும். இலையின் அடிப்புறத்தில் அது மூச்சுவிடும் துளைகள் இருக்கின்றனவாம். நகத்துக்குப் பூசும் நிறமில்லாத கியூட்டெக்ஸை அதில் தடவிக் காயவிட்டு, செலோடேப்பால் உரித்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் படமெடுப்பாள். பிறகு கொம்பியூட்டர் துளைகளை எண்ணும். அந்தக் கியூட்டெக்ஸை வாங்கப் போனவன் நான்தான்; கடைக்காரர் என் விரல்களைப் பார்த்த பார்வையை உமது அக்காவுக்கும் சொல்லவில்லை. கொம்பியூட்டரோ தூசியையும் துளையென்று எண்ணிவிடுகிறது. படங்களைப் பார்க்கவேண்டிய பேராசிரியர் மறுநாள் இரவு வெளிநாடு போகிறார், அதற்குள் அவர் கையில் சேராவிட்டால் பிள்ளையின் பட்டம் ஒரு வருடம் பிந்தும். அதனால் அச்சடித்த படங்களை என்னிடம் தந்து, “துளையளுக்கு மட்டும் சிவப்பாலை வட்டம் போட்டுத் தாங்கோ அப்பா” என்றாள். வட்டம் மட்டும். நில அளவைக் கந்தோரில் படவரைஞனாக ஆயுள் முழுக்கப் படம் கீறினவனிடம் அப்படிச் சொல்வது, புட்டை அவித்து வைத்துவிட்டு மணந்து மட்டும் பார் என்பது போல. கை கேட்குமா? துளைகளுக்குக் கிணற்றுக் குறியீடு போட்டேன். நரம்புகள் ஆறுகளாகி நீலமாயின. சுற்றிவரக் கரை, கீழே அளவுத்திட்டம், மேல் மூலையில் வடிவான ஒரு வடக்கு அம்புக்குறி. வடக்கு இல்லாத படத்தில் நான் இதுவரை கையெழுத்து வைத்ததில்லை.

மறுநாள் காலையில் நான் கீறி முடிக்குமுன்னே அவள் போய்விட்டதால் படங்களை நானே கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என்ன இது என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான், தேயிலை என்றேன், அவன் ஆற்றைப் பார்த்தான், கிணறுகளைப் பார்த்தான், அம்புக்குறியைப் பார்த்தான், பிறகு அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பதைப் பார்த்தான். நேரே பொலிஸ். இந்தக் கிணறுகள் எந்த ஊரில் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மடுல்கெல்லத் தோட்டத்தில் பறித்த இலையென்பதால் மடுல்கெல்ல என்றேன். இவ்வளவு கிணறா என்றார். இது காணாது சேர், முழு இலையிலும் இலட்சக்கணக்கில் இருக்குமாம் என்று நான் உள்ளதைச் சொல்ல, அவர் பேனையை மூடி வைத்துவிட்டு என் வீட்டு விலாசத்தைக் கேட்டார். தனபாலன், வாங்குப் பலகையில் இருந்தபடி நான் பயந்தேன். இப்படிக் கூட்டிக்கொண்டு போன எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. என்னைவிட, என் கைப்புத்தியால் பிள்ளையின் படிப்புக் கெட்டுதே என்றுதான் பயம்.

பஸ்ஸில் வந்த மாணவர் ஒருவர் கம்பஸில் தகவல் சொல்லிக் கமலாசனி முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினாள். நுணுக்குக்காட்டியைத் துவாயால் சுற்றிக் கைக்குழந்தை போல அணைத்திருந்தாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பொலிஸ் வாசல் பூச்சாடிச் செடியில் ஓர் இலையைப் பிடுங்கி, அடிப்புறத்தில் கியூட்டெக்ஸ் தடவினாள். அது காயும்வரை துவக்கும் கையுமாக ஒரு நிலையமே ஓர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு உரித்து வைத்துக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் குனிந்தவர் நிமிரவேயில்லை. அவருக்குப் பின்னால் கொன்ஸ்தாபிள்மார் வரிசை கட்டினார்கள். கடைசியில் அவர் என் படத்தைத் தூக்கிக் கேட்டார், “துளை இருக்கிறது. வடக்கு எங்கே?”

“இலைக்கு வடக்கு இல்லை சேர்,” என்றாள் அவள் சிங்களத்தில். “அது அப்பாவுக்கு மட்டும்தான்.”

நிலையமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே ஏனோ அழுகையும் வந்தது. படங்களைத் திருப்பித் தந்து போகச் சொன்னார்கள். முச்சக்கர வண்டியில் அவள் வெள்ளை மையால் அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்தாள், நான் ஊதிக் காயவைத்தேன். படங்கள் அன்றைக்கே பேராசிரியர் கையில் சேர்ந்தன. அன்றிரவே இனி ஒரு கோடும் கீறமாட்டேனென்று முருகன் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்து, பேனைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டி, பூட்டின் திறப்பை உமது அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மனம் இலேசாக இருக்கிறது.

அடுத்த மாதம் நீர் வருவதாக எழுதியது மகிழ்ச்சி. உமது மனைவி மக்களுக்கு எமது ஆசிகள். அவர்களுக்கு ஒரு சோதனையும் வராமல் அவன் காக்க.

இங்ஙனம்,
ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு.: வீடு மாறியபின் நீர் இங்கே வந்ததில்லை, வழி தவறிவிடுவீர். ஆகையால் சிறு படமொன்று இணைத்துள்ளேன். சோதனைச் சாவடிகள் சிவப்பு, பொலிஸ் நிலையம் நீலம். வடக்கு மேலே.

தம்பி, படத்தை அடுப்புக்கை வைச்சிட்டன். அலுமாரிக்கு ரெண்டு திறப்பாம், எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். நீ பஸ்ஸாலை இறங்கி அங்கினையே நில், பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு வருவாள். — அக்கா