பைலட் வாத்தியாரின் தப்புக் கூட்டம்

நீலகிரி மலையில் குளிர் கடிக்கும், அட்டை கடிக்கும். ஆனால் ஒரு மனிதனின் பொறுமையை அரை மணி நேரத்துக்குள் முழுக்க உறிஞ்சித் தீர்க்கும் ஆற்றல் பைலட் வாத்தியார் ஒருவருக்குத்தான் உண்டு. அனுபவித்தவன் சொல்கிறேன்.

அவர் விமானப் படையில் போர் விமானம் ஓட்டியவர். அதை விட்டு வந்ததும் நிர்வாகவியல் படித்து, கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அதோடு நின்றிருக்கலாம். வாரக் கடைசியில் மலைமேல் பெர்ன்ஹில்லில் இருந்த வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்து டீ பேக்டரிகளுக்கு ஆலோசகராகவும் கிளம்பிவிட்டார். கோத்தகிரி ரோட்டில் நான் உதவி மேனேஜராக இருந்த பேக்டரிக்கும் அப்படித்தான் சனி பிடித்தது.

விமானப் படையில் ஒரு வழக்கமாம். விமானம் தரையிறங்கியதும் போனவர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, பதவி பார்க்காமல், அவரவர் செய்த தப்பை அவரவரே சொல்ல வேண்டுமாம். “ஒருத்தன் தப்பை மறைச்சா, அடுத்த தடவை இன்னொருத்தன் செத்துப்போவான்” என்பார். இதைச் சொல்லியே எங்களிடமும் அதைப் புகுத்தினார். எங்கள் பேக்டரியில் அந்த வழக்கத்துக்குத் தப்புக் கூட்டம் என்று பெயர் வந்தது.

முதல் கூட்டம், டிரையரில் காய்ந்த ஒரு லாட் டீத் தூள் புகை நாற்றம் ஏறி வீணான அன்று நடந்தது. எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

“நானே ஆரம்பிக்கிறேன்” என்றார் வாத்தியார். “காலையில வந்தவன் டிரையரைப் பாக்காம கேன்டீன்ல வடை தின்னுட்டிருந்தேன். என் தப்பு. அடுத்து?”

“கண் அசந்துட்டேனுங்க” என்றார் டிரையர்காரர்.

அந்த வேகத்தில் முதலாளியும், “ஈர விறகு மலிவாக் கிடைச்சுதுன்னு வாங்கிப் போட்டது நான்தானுங்க” என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்க அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாங்கள்தான் வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சலூனிலும் கூட்டம் போடுவார். ஒருமுறை சவரத்தில் கன்னம் கீறியதும், “நான் தலைய ஆட்டினேன், என் தப்பு. நீங்க?” என்று கேட்க, சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாராம். பெர்ன்ஹில்லில் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமாகி, தகனம் முடிந்து திரும்பியவர்களையும் அவர் விடவில்லை.

இப்பேர்ப்பட்டவரை நான் பெண் பார்க்க அழைத்துப் போனேன். எனக்கு அப்பா இல்லை. கூட ஒரு பெரிய மனிதர் வந்தால்தான் மரியாதை என்றாள் அம்மா. அவரிடம் கார் இருந்தது. வேறு தகுதி எதையும் நான் யோசிக்கவில்லை.

குன்னூரில் பெண் வீடு. பெண் பள்ளிக்கூட டீச்சர். காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றாள். எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்றால், அன்றைக்கே தாலி கட்டிவிடலாம் என்கிற அளவுக்குப் பிடித்துவிட்டது. எல்லாம் கூடி வருகிற நேரத்தில் வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்.

“முடிச்சுக்கறதுக்கு முன்னாடி அவங்கவங்க தப்பைச் சொல்லிடுவோம். நான் ஆரம்பிக்கிறேன். போன வாரம் இவன் முதலாளிக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்தேன். அந்தப் பேக்டரிக்கு உதவி மேனேஜரே தேவையில்லைன்னு எழுதியிருக்கேன். அதை இவன்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. என் தப்பு. அடுத்து?”

அம்மா கையில் எடுத்த பஜ்ஜி வாய்க்குப் போகவில்லை. அப்போது அந்தப் பெண் பேசினாள்.

“நானும் சொல்லிடறேனுங்க. கண்ணாடி இல்லீன்னா எனக்குக் கண்ணு தெரியாதுங்க. கழட்டி வெச்சுட்டுப் போன்னு அம்மா சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை எங்க உக்காந்திருக்காருன்னே தெரியலீங்க.”

அதுவரை அவள் வாத்தியாரைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள். வேலை போன செய்தி கேட்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்த என்னை.

“ஏனுங்க, வேலை போற பையனைக் கூட்டியாந்து உக்கார வெச்சிருக்கீங்களே, இது நாயமுங்களா?” என்றார் அவள் அப்பா.

“அப்பா, அவருக்கே இப்பத்தான் தெரியுதுங்க. மூஞ்சியப் பாருங்க” என்றாள் அவள்.

அவர் பார்த்தார். கொஞ்சம் இரங்கி, “வேற வேலை கெடைச்சா வாங்க, பேசலாமுங்க” என்றார்.

திரும்பி வரும்போது காரில் நான் கத்திய கத்தலுக்கு அளவில்லை. ரிப்போர்ட்டை மாற்றச் சொன்னேன்.

“மாத்த மாட்டேன். உன் வேலைய மேஸ்திரியே செய்யறார். ஆனா உனக்கு வேற வேலை தேடித் தர்றது என் பொறுப்பு. இப்ப, காபி குடிக்கும்போது நீ...”

“ஏனுங்ணா, வாய மூடிட்டுக் கார ஓட்டுங்க” என்றாள் பின்சீட்டிலிருந்து அம்மா.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் என்னைக் காரில் போட்டுக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்தார். நான் உள்ளே பதில் சொல்லும்போது வெளியே ஜன்னல் பக்கம் நின்று கையைக் காலை ஆட்டுவார். வேலை கிடைக்காது. ரோட்டோரம் காரை நிறுத்தி, “சைகை காட்டினது என் தப்பு. அடுத்து?” என்பார். பாதி நாள் நான் இறங்கிப் பஸ் ஏறியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் கேட்கும். கடைசியில் கிளென்மார்கன் பக்கம் ஒரு பேக்டரியில் வேலை கிடைத்தது. கொட்டுகிற மழையில் அவர் காரை விட்டு இறங்க முடியாமல் போன நாள் அது.

குன்னூரில் அந்த டீச்சரோடுதான் கல்யாணம். மணவறையில் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் யார் உட்காருவது என்று பேச்சு வந்தது. சித்தப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாரானார்.

“அண்ணன் உக்காரட்டும்” என்றாள் அம்மா, வாத்தியாரைக் காட்டி.

எரிகிற விமானத்திலிருந்து குதித்ததில் அவருக்கு ஒரு முழங்கால் சரியாக மடங்காது. அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்று வந்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி, பலகையில் உட்கார்ந்தார். குன்னூர்க் குளிரில் அவர் நெற்றியெல்லாம் வேர்த்தது. ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டே போனார். நாற்காலி போடட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன். பேசாமல் இரு என்று கண்ணாலேயே அதட்டினார்.

தாலி கட்டி முடிந்தும் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் என் மனைவியும் கைகொடுத்துத் தூக்கினோம். நல்ல கனம். எழுந்து நின்ற பிறகும் இரண்டு பேருக்குமே அந்தக் கையை விட மனம் வரவில்லை.